காக்கி நூல்

மணியம்மாளுக்கு ஊரில் ஒருத்தியைக் கண்டால் மட்டும் ஆகாது. அந்த ஒருத்தி அவளுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. செய்திருந்தால் தெருவில் நின்று வாய் நிறையத் திட்டிவிட்டு மறுநாள் மறந்திருப்பாள். கெடுதல் செய்யாதவளை எப்படித் திட்டுவது? அதனால் அந்த எரிச்சல் உள்ளேயே கிடந்து பழங்கூழ் மாதிரி புளித்துப் பொங்கிக்கொண்டிருந்தது.

அந்த ஒருத்தி சப்-இன்ஸ்பெக்டர் பெரியநாயகி. முசரவாக்கத்தில் பயிர் வைத்துப் பிழைத்த குடும்பம். பெண்களைப் போலீசில் எடுக்கத் தொடங்கிய புதிதில் போய்ச் சேர்ந்தவள். சில வருஷம் பட்டணத்தில் வேலை பார்த்துவிட்டுக் காஞ்சிபுரத்துக்கு வந்தாள். அவளுக்குக் கீழே ஏழெட்டுப் பெண் போலீஸ்காரிகள். அவர்களில் ஒருத்தி அம்சா, மணியம்மாளின் ஒரே மகள்.

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் மணியம்மாள் வீட்டில் ஒரு குழித்தறி இருந்தது. கணவன் கோதண்டபாணி மார்வலியில் போன பிறகு அவளே குழியில் இறங்கினாள். பொம்பளை தறியில் உட்கார்ந்தால் விளங்குமா என்று கேட்டவர்கள், அவள் நெய்து அறுத்த முதல் புடவையைப் புரட்டிப் பார்த்துவிட்டு மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். கோர்வைப் புடவை என்றால் அதற்கு இரண்டு ஆள் வேண்டும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். நடுவில் இருப்பவள் உடலுக்கான நூல் சுற்றிய நாடாவைக் குறுக்கே ஓட்ட, பக்கத்தில் இருப்பவள் கரைக்கான நாடாவை ஓட்ட, இரண்டு இழையும் சந்திக்கிற இடத்தில் ஒன்றையொன்று கவ்விக்கொள்ள வேண்டும். கவ்வாவிட்டால் உடலும் கரையும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும், இழுத்தால் பிரிந்துவிடும். பாவாடை கட்டுகிற வயதிலிருந்து அந்தப் பக்கத்தில் உட்கார்ந்தவள் அம்சா. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம். தாயின் கை எப்போது வரும் என்று மகளின் கைக்குத் தெரியும். பேச்சே வேண்டியதில்லை.

பத்தாவது தேறிய அம்சா போலீசுக்கு எழுதிப் போட்டாள். உயரம் இருந்தது, ஓட்டமும் இருந்தது. எடுத்துக்கொண்டார்கள். அவள் இடத்தில் இப்போது எதிர்வீட்டுக் கங்கையம்மாள் உட்காருகிறாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். கை நல்ல கை. வாய்தான் நாடாவைவிட வேகமாக ஓடும்.

அம்சா வேலைக்குப் போனதில் மணியம்மாளுக்கு வருத்தம் இல்லை. காக்கி உடுப்பில் மகள் தெருவில் நடந்துவருவதை வாசலில் நின்று பார்ப்பாள். நாலு பேர் பார்க்கிறார்களா என்பதையும் பார்ப்பாள். வருத்தமெல்லாம் வேறு.

ஒருநாள் அம்சா தலைமுடியைச் சுருட்டி வலைக்குள் அடக்கிக்கொண்டு வந்தாள்.

"இன்னாடி கொண்ட இது, டீக்கட பன்னு மாதிரி?"

"மேடம்தாம்மா போடச் சொன்னாங்க. ஓடறப்போ அவுராது."

"நான் போட்டுவுட்ட பின்னலு இத்தினி வருசத்துல என்னிக்காவது அவுந்துச்சா?"

"பின்னல எவனாவது புடிச்சி இழுத்தா இன்னா பண்றது? மேடம் கேட்டாங்க. எங்களுக்கு வாயே இல்ல."

இன்னொரு நாள் தட்டில் வைத்த கருவாட்டை ஒதுக்கினாள். மணியம்மாள் அன்று சந்தைக்கு அதற்காகவே போய்வந்திருந்தாள்.

"இன்னா, ஒங்க மேடத்துக்குக் கருவாடு ஆவாதா?"

"அவங்களுக்கு ஆவும்மா. நாளைக்குத் தேரடியில டூட்டி. உப்பு தின்னா தாகம் எடுக்கும், தண்ணி குடிச்சா ஒதுங்கணும். ஆம்பள போலீசு எங்கனா நின்னுருவாங்க. நாங்க எங்க போறது? அதான் டூட்டிக்கு மொத நாளு பாத்துத் தின்னுங்கன்னு சொன்னாங்க."

அது சரியான பேச்சுதான். சரியாக இருந்ததுதான் மணியம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்டி, அவதான் ஒனக்குப் பாலு குடுத்து வளத்தாளா?"

"எம்மா, கம்முனு ரசம் ஊத்து."

சாப்பாட்டில் உட்கார்ந்தால் அம்சாவுக்கு மேடம் புராணம்தான். ஸ்டேஷனில் பெண்கள் உடை மாற்ற இடமில்லை என்று ஏட்டு சிட்டிபாபு கையை விரித்தாராம். மேடம் ஒரு வார்த்தை பேசவில்லையாம். மறுநாள் காலையில் தன் அறையிலிருந்த மேசை நாற்காலியைத் தூக்கி வராந்தாவில் போட்டு உட்கார்ந்துகொண்டாளாம். உள் அறை பொண்ணுங்களுக்கு என்று சொல்லிவிட்டாளாம்.

"மழ சாரலு அடிக்குதும்மா, பைலெல்லாம் நனையுது. அப்பவும் எழுந்துக்கல. வர்ற போறவன்லாம் எஸ்.ஐ. அம்மா வராந்தாவுல உக்காந்திருக்கறாங்கன்னு பாத்துக்கினு போறான். பெரிய ஆபீசரு வந்தாரு, பாத்தாரு. பத்து நாள்ல பின்னால ஷெட்டு போட்டு ரூமு வந்துருச்சி. ஏட்டு மூஞ்சப் பாக்கணுமே!"

"நான் தறிக்குழியில தண்ணி ஊறி முட்டி வீங்கி உக்காந்திருந்தேனே அந்த ஐப்பசியில, அத யாருகிட்டயாவது இப்படிச் சொல்லியிருக்கியாடி?"

அம்சா சோற்றைப் பிசைந்தபடி தாயைப் பார்த்தாள். "அது நம்ம ஊட்டு விசயம்தானம்மா" என்றாள்.

வைகாசியில் கருடசேவை. மணியம்மாள் விடியுமுன் கங்கையம்மாளோடு சாமி பார்க்கப் போனாள். சுற்றுப்பட்டு ஊரெல்லாம் வண்டி கட்டி வந்திருந்தது. கங்கைகொண்டான் மண்டபத்துக்குப் போகிற தெருமுனையில் கூட்டம் கட்டுக்கு அடங்காமல் சேர்ந்துகொண்டிருந்தது. அங்கே பெரியநாயகி நின்றிருந்தாள். கத்தவில்லை; தடியையும் தூக்கவில்லை. நெருக்கம் தொடங்குவதற்கு வெகு முன்பே பெண்களையும் பிள்ளைகளையும் தெருவின் இரண்டு ஓரத்திலும் வரிசையாகத் தரையில் உட்காரவைத்துக்கொண்டிருந்தாள். "உக்காருங்கம்மா, சாமி ஒங்ககிட்டதான் வருது. நின்னா ஒருத்தர் தலதான் தெரியும், உக்காந்தா எல்லாருக்கும் சாமி தெரியும்." அவளுடைய பெண்கள் அந்த வரிசைக்கு முன்னால் கை கோத்து நின்றார்கள். பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்த ஆண்கள், உட்கார்ந்திருக்கும் பெண்களை மிதிக்க முடியாமல் தாமாகவே நின்றார்கள். தங்கக் கருடன் குடையோடு அசைந்து வந்தபோது அந்த முனையில் ஒரு பிள்ளைகூட அழவில்லை.

மணியம்மாளும் உட்கார்ந்துதான் பார்த்தாள். ஆனால் சாமியைப் பார்த்தாளா என்றால் சொல்ல முடியாது. கை கோத்து நின்ற அம்சா, கூட்டத்தையும் பார்க்காமல் சாமியையும் பார்க்காமல், தெருமுனையில் நின்ற அந்தப் பொம்பளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த அசைவு எது என்று அந்த முகத்திலிருந்து எடுத்துக்கொள்ளக் காத்திருந்தாள். அந்தப் பார்வை மணியம்மாளுக்குத் தெரியும். தறியின் அந்தப் பக்கத்தில் இருந்துகொண்டு தன் கையைப் பார்த்த பார்வை அது.

"கோவிந்தா சொல்லு அக்கா!" என்று கங்கையம்மாள் இடித்தாள். "ஏமி, சாமி எங்கயோ போவுது, நீ எங்கயோ பாத்துக்கினு இருக்கற."

ஐப்பசி தொடக்கத்தில் செய்தி வந்தது. பெரியநாயகிக்கு இன்ஸ்பெக்டர் பதவி. பட்டணத்தில் பெண் போலீசுக்கென்று தனியாக ஒரு பிரிவை அவள் பொறுப்பில் விடப்போகிறார்கள். தனக்கு வேண்டிய பெண்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

"என்னையும் கூப்ட்டாங்கம்மா" என்றாள் அம்சா. குரலில் சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு சொன்னாள். அடக்கியது நன்றாகத் தெரிந்தது.

"நீ இன்னா சொன்ன?"

"ஒன்ன கேட்டுச் சொல்றேன்னு சொன்னேன்."

"நான் வாணாம்னா?"

அம்சா அடுப்பில் இருந்த பானையைத் துணியால் பிடித்து இறக்கினாள். "வாராவாரம் வருவேன். பஸ்ஸுல மூணு மணி நேரம்தான்" என்றாள் பானையைப் பார்த்து.

அந்த வாரமே பெரியநாயகி வீட்டுக்கு வந்தாள். உடுப்பில்லாமல், சாதாரண நூல் புடவையில் நடந்தே வந்தாள். மழை விட்டிருந்த நேரம். குழிக்குள் ஈரம் ஏறாமல் இருக்கத் தறிக்குப் பக்கத்தில் சட்டியில் தணல் வைத்திருந்தது. மணியம்மாள் எழுந்திருக்கப் போனாள்.

"எழுந்துக்காதீங்கம்மா. வேல கெட்ரும்" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு ஒரு பொடவ வேணும். என்ன அனுப்பி வெக்கற விழா அன்னிக்கி மட்டும் யூனிபாரம் போடாம வரலாமான்னு கேட்டேன், சரின்னுட்டாங்க. பட்டு கட்டினதே இல்ல நான். கல்யாணம் காச்சின்னு ஒண்ணும் பண்ணிக்கலியே. ஒங்க கையால கட்டிக்கறேன். காச மட்டும் வெளியார்கிட்ட வாங்கற மாதிரி வாங்கிக்கணும். கொறச்சீங்கன்னா பொடவ வாணாம்."

"காபி சாப்புடுங்க" என்றாள் மணியம்மாள்.

அம்சா காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்றாள். சொந்த வீட்டில், சொந்தத் தாய்க்கு முன்னால், குதிகாலைச் சேர்த்துக்கொண்டு நின்றாள். "உக்காரு அம்சா" என்று பெரியநாயகி சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள். என் வீட்டில் என் மகளை உட்காரச் சொல்ல இவள் யார் என்று மணியம்மாளுக்கு எரிச்சல் மூண்டது. காபி நல்லா இருக்குதும்மா என்று அவள் சொன்னதும் காதில் விழவில்லை.

அரக்கு உடல், பச்சைக் கரை. பாவு போட்டு, நீள இழைகளைத் தறியில் ஏற்றியாயிற்று. வெளியே மழை. பட்டு ஈரத்தில் தளரும், வெயிலில் இறுகும்; அந்த நாட்களில் தளர்ந்தே கிடந்தது. பலகையை இழுத்து இழுத்து அடிக்க வேண்டியிருந்தது. கங்கையம்மாள் கரை நாடாவை விட்டபடி ஊர்க்கதை சொன்னாள்.

"போலீசு அம்மா கட்டப்போற பொடவையா அக்கா இது? நல்லா கெட்டியா நெய்யி. அவங்க நடக்கறது ஆம்பள நட. கிழிஞ்சிறப் போவுது."

"கிழிஞ்சா இன்னா, போலீசுதான, புடிச்சி உள்ள போட்ருவா."

"அய்யோ ராமா! யார? ஒன்னையா?" கங்கையம்மாள் சிரித்தாள். "சரி, அம்சா போறாளா பட்டணம்?"

மணியம்மாள் பலகையைப் படாரென்று அடித்தாள். கங்கையம்மாள் வேறு கதைக்குப் போனாள்.

முந்தி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், புடவை தோளில் ஏறுகிற இடம் வந்தபோது, கங்கையம்மாள் மத்தியானச் சோற்றுக்கு எழுந்து போனாள். மணியம்மாளும் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. ஒருத்தியாகவே இரண்டு நாடாவையும் எடுத்துக்கொண்டாள். உடல் இழை உடலோடு திரும்பியது. கரை இழை கரையோடு திரும்பியது. ஒன்றையொன்று கவ்வவிடவில்லை. ஒரு சாண் நீளத்துக்கு அப்படியே நெய்தாள். பிறகு நீர்த்த கஞ்சியை விரலால் தொட்டு அந்த இணைப்பின் மேல் தடவி, தணல் சட்டியைக் கிட்டே இழுத்துக் காயவைத்தாள். பார்த்தால் ஒன்றும் தெரியாது. கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நடமாடி, உடம்புச் சூடும் முந்தியின் கனமும் இழுத்தால், தோளில் கரை தனியாக வாய் பிளக்கும்.

அவள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பெரிய அதிகாரிகள் இருக்கிற மண்டபத்தில் அந்தப் பொம்பளை ஒரு தரம், ஒரே ஒரு தரம், முந்தியைப் பிடித்துக்கொண்டு விழிக்க வேண்டும். நாலு பேர் வாயைப் பொத்திச் சிரிக்க வேண்டும். அதை அம்சா பார்க்க வேண்டும். அவ்வளவுதான். உடுப்பில் கை வைக்க முடியாது. புடவையில் வைக்கலாம்.

கங்கையம்மாள் வந்து உட்கார்ந்தாள். "ஏமக்கா, நான் இல்லாமயே ஓட்டினியா?"

"கொஞ்சம்தான். வெளிச்சம் இருந்துது."

விடை கொடுக்கிற விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. போலீஸ் குடும்பங்களை எல்லாம் கூப்பிட்டிருந்தார்கள். மணியம்மாள் நல்ல புடவை கட்டி, பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பெரியநாயகி உள்ளே வந்தபோது மண்டபமே திரும்பியது. அரக்கு உடல் அவள் கருத்த நிறத்துக்கு எடுப்பாக இருந்தது. உயரமான உடம்பு. தான் நெய்த புடவை ஒருத்தியின் மேல் இவ்வளவு நன்றாக உட்கார்ந்து மணியம்மாள் பார்த்ததில்லை. அதுவும் ஒரு வயிற்றெரிச்சல்.

எஸ்.பி. பேசினார். பிறகு ஏட்டு சிட்டிபாபு ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா வந்த புதுசுல இவங்களுக்கு சலாம் அடிக்கணுமான்னு எனக்குக் கை நோவுச்சு. மறைக்கறதுக்கு இன்னா இருக்குது, நோவுச்சு. கைய சொறியற மாதிரி சலாம் அடிப்பேன். அம்மா ஒருநாள் கூப்ட்டு, 'ஏட்டய்யா, கையில படையா, ஆஸ்பத்திரிக்குப் போங்களேன், லீவு தரேன்'னாங்க. அன்னியிலிருந்து கை நேரா போவுது." மண்டபம் சிரித்தது. "இப்ப அம்மா போறாங்க. வர்றவரு ஆம்பளையா பொம்பளையா தெரியல. யாரா இருந்தாலும் கை நேராத்தான் போவும். அது அம்மா போட்ட பழக்கம்."

மாலை போட்டார்கள். பெரியநாயகி குனிந்தாள். நிமிர்ந்தாள்; ஒன்றும் ஆகவில்லை. பெண் போலீஸ்காரிகள் ஒவ்வொருத்தியாக வந்து கும்பிட்டார்கள். ஒருத்தி அழுதாள், அவளைத் தோளோடு சேர்த்துக்கொண்டாள். இழுபட்டது அதே தோள்தான். ஒன்றும் ஆகவில்லை. கை தூக்கி வணக்கம் சொன்னாள், இரண்டு கையாலும் பரிசை வாங்கினாள், பிள்ளை ஒன்றைத் தூக்கிக்கொண்டாள். மணியம்மாளுக்கு ஆகிவிடுமோ என்று ஒரு பயம், ஆகமாட்டேன் என்கிறதே என்று ஒரு தவிப்பு.

பந்தி தொடங்கியபோது பெரியநாயகி கடைசி வரிசைக்கே வந்து மணியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். புழுக்கத்துக்கு முந்தியை எடுத்து முன்னால் விட்டுக்கொண்டாள். முந்தியின் உள்பக்கம் மணியம்மாளின் கண்ணுக்கு நேரே வந்தது. அந்த ஒரு சாண் இடத்தில், உடலும் கரையும் சேர்கிற கோட்டில், எறும்பு வரிசை மாதிரி நெருக்கமாகத் தையல். பட்டு நூல் இல்லை. சட்டைக்குப் பொத்தான் தைக்கிற காக்கி நூல்.

"சாப்ட்டீங்களாம்மா?" என்றாள் பெரியநாயகி. "மொதல்ல சாப்புடுங்க. பசியோட உக்காந்துக்கினு இருக்காதீங்க." மணியம்மாளின் கையை ஒரு தரம் அழுத்திவிட்டு எழுந்து போனாள்.

மணியம்மாள் இலையில் உட்கார்ந்தாள். பாயசம் இனித்ததா கசந்ததா தெரியவில்லை. காக்கி நூல் அவள் வீட்டிலும் இருக்கிறது, அம்சாவின் தகரப் பெட்டியில். புடவையைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அம்சாதான். மகள் கண்டுபிடித்துவிட்டாள். கோர்வையில் கை பழகியவள், தடவினாலே தெரிந்திருக்கும். கண்டுபிடித்து, தாயிடம் ஒரு வார்த்தை கேட்காமல், உட்கார்ந்து தைத்திருக்கிறாள். அந்தப் பொம்பளையின் மானம் போகக்கூடாது என்று மகளின் கழுத்து எத்தனை நேரம் குனிந்திருக்கும்! பிடிபட்ட வெட்கத்தைவிட அந்த எண்ணம்தான் அவளை அதிகமாகக் குடைந்தது.

விளக்கு ஏற்றுகிற நேரத்துக்கு அம்சா வீட்டுக்கு வந்தாள். உடுப்பைக்கூட மாற்றாமல் சுவரோரம் உட்கார்ந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"இன்னாடி?"

"மேடம் என்ன வாணாம்னுட்டாங்க."

"இன்னா?"

"நேத்து மத்தியானம் வரைக்கும் 'பெட்டி கட்டிட்டியா'ன்னு கேட்டாங்க. இன்னிக்கு விழா முடிஞ்சி கூப்ட்டு, 'நீ இங்கயே இரு, ஒங்கம்மாவுக்கு நீ வேணும்'னு சொல்றாங்க. எனக்கு பதிலா வேற பொண்ணு. நான் இன்னா தப்பு பண்ணேன்னு கேட்டேன். தப்பே இல்லடின்னு தலையில கை வெச்சாங்க. தப்பு இல்லன்னா ஏம்மா வாணாம்னு சொல்லணும்?"

மணியம்மாளுக்கு ஒன்று மட்டும்தான் காதில் விழுந்தது. மகள் போகவில்லை. இங்கேதான் இருக்கப்போகிறாள். தைத்தவளும் இவள், இருக்கப்போகிறவளும் இவள். தாயின் குற்றம் தெரிந்தும் தாயோடே இருக்கப்போகிறாள். அப்படித்தான் அவளுக்குப் பட்டது. மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முழங்காலில் கை வைத்தாள்.

"உடு. நீ தெச்சத நான் பாத்தேன். ஒரு வார்த்த என்ன கேக்கல நீ. கேட்டிருந்தாலும் நான் இன்னா சொல்லியிருப்பேன்..."

"எத தெச்சேன்?"

"அதான், பொடவைய."

"எந்தப் பொடவைய?"

மணியம்மாள் கையை எடுத்துக்கொண்டாள். மகளின் முகத்தில் நடிப்பு இல்லை. தெரிந்துகொண்டு தெரியாததுபோல் இருக்க அம்சாவுக்கு எப்போதும் வராது.

"பொடவைக்கு இன்னாம்மா?"

தணல் சட்டியில் கரி ஒன்று வெடித்தது. மழை மறுபடியும் ஓட்டின் மேல் தொடங்கியது. அம்சா காத்திருந்தாள். அவசரப்படாமல், கோபப்படாமல், பதில் வரும்வரை முகத்தைப் பார்த்தபடி. இப்படிக் காத்திருக்க யார் சொல்லிக் கொடுத்தது என்று மணியம்மாளுக்குத் தெரியும். அந்த நேரத்திலும் அது சுருக்கென்று தைத்தது.

"தோளுல ஏர்ற எடத்துல கோர்வைய வுட்டுட்டேன்" என்றாள். "தெரிஞ்சிதான் வுட்டேன்."

"எவ்ளோ?"

"ஒரு சாண்."

"இன்னிக்கு எஸ்.பி. முன்னால..."

"ஆமா."

"அவ்ளோ பேரு முன்னால அவங்க மானம் போவணும்னு நெனச்சியாம்மா?"

"மானம் போவணும்னு இல்லடி. ஒரு தரம் நாலு பேரு சிரிக்கணும். நீ பாக்கணும். அவளும் பொம்பளதான்னு ஒனக்குத் தெரியணும்."

"அவங்க பொம்பளன்னு எனக்குத் தெரியாதா?" அம்சாவின் குரல் உடைந்தது. "மாசாமாசம் வயித்து நோவு வர்ற அன்னிக்கி வெயிலு டூட்டிய மாத்தி நெழல்ல போடறது யாரு? ஆம்பளையா?" எழுந்தாள். "அப்ப தெச்சது அவங்கதான். நேத்து ராத்திரி கட்டிப் பாத்திருப்பாங்க. பிரிஞ்சிருக்கும். யாரு பண்ணதுன்னும் தெரிஞ்சிருக்கும், ஏன் பண்ணதுன்னும் தெரிஞ்சிருக்கும். அதான் என்ன வாணாம்னு சொல்லியிருக்காங்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரு! ஒன்ன நான் தப்பா நெனச்சிறக் கூடாதுன்னு சொல்லல."

அம்சா அழுதுகொண்டே உள்ளே போய்ப் பாயை விரித்துச் சுவரைப் பார்த்துப் படுத்தாள். சோற்றுக்கு எழுந்து வரவில்லை.

மணியம்மாள் தறிக்குழி விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அவள் கேட்டது கிடைத்துவிட்டது. மகள் இந்தக் கூரைக்குக் கீழேதான் படுத்திருக்கிறாள். நாளைக்கும் இங்கேதான் இருப்பாள். ஆனால் அது தானே சம்பாதித்தது இல்லை. அந்தப் பொம்பளை போகிறபோக்கில் பிச்சைக்காரிக்குப் போடுகிற மாதிரி போட்டுவிட்டுப் போகிறாள். இனி அம்சா சோறு போடும்போதெல்லாம், தண்ணீர் மொண்டு தரும்போதெல்லாம், அந்தப் பொம்பளை கொடுத்த மகள் என்றுதான் இருக்கும். தன் குற்றத்தைக்கூட அவள்தான் மறைத்து வைத்திருந்தாள். அதையும் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டாயிற்று.

விடிந்ததும் தலையை முடிந்துகொண்டு புறப்பட்டாள். பெரியநாயகியின் குடியிருப்பில் சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் முழங்கை வரை புழுதியோடு வெளியே வந்தாள்.

"வாங்கம்மா. இன்னா, காலங்காத்தால?"

"அம்சாவ வாணாம்னு சொன்னீங்களாமே."

"வாணாம்னு இல்லம்மா. ஒங்களுக்குத் தொணையா இருக்கட்டும்னு சொன்னேன்."

"எனக்குத் தொண வேணும்னு ஒங்ககிட்ட வந்து நான் மனு குடுத்தனா?"

பெரியநாயகி கைப் புழுதியைத் தட்டினாள். "குடுத்தீங்க" என்றாள். "தோளுல இருந்துது."

மணியம்மாளுக்கு முகம் சுண்டியது. ஆனாலும் நின்ற இடத்தை விடவில்லை. "அவகிட்ட சொல்லியிருக்கலாமே. என்ன வெறுத்துட்டு ஒம்பின்னால வந்திருப்பாளே."

"பெத்தவள வெறுத்துக்கினு வர்ற பொண்ண வெச்சிக்கினு நான் இன்னாம்மா பண்றது? எனக்கு ஸ்டேஷன்ல ஆளு வேணும். கண்ணீரு வாணாம்."

"நேத்து நானே சொல்லிட்டேன்."

பெரியநாயகி புருவத்தைத் தூக்கினாள். "யாருகிட்ட?"

"எம்பொண்ணுகிட்ட. நானே எல்லாம் சொல்லிட்டேன்."

அந்த முகத்துக்குத் தெரியாத ஒன்றும் உலகத்தில் இருந்தது. அதை மணியம்மாள் முதல் தரம் பார்த்தாள். அந்த ஒரு விநாடி அவளுக்கு ஒரு வாய் வெல்லம் மாதிரி இனித்தது. பிறகு சொன்னாள்:

"நீ குடுத்து நான் வாங்கிக்க மாட்டேம்மா. அது எனக்கு ஒத்து வராது. நான் குடுக்கறேன், நீ வாங்கிக்க. கூட்டிக்கினு போ."

"அவ வரேன்னு சொன்னாளா?"

"அவ எங்கிட்ட பேசவே இல்ல. பேசினாலும் பேசாட்டியும் நான் போன்னு சொன்னா போவா." கொஞ்சம் உரக்கவே சொன்னாள். "இன்னும் நான் சொன்னா கேப்பா."

"சரிம்மா" என்றாள் பெரியநாயகி. "நீங்க அனுப்பினா நான் கூட்டிக்கினு போறேன்."

"அந்தப் பொடவைய குடு. காக்கி நூல எடுத்துட்டு பட்டுலயே கோத்துத் தரேன்."

"அது கெடக்கட்டும்மா."

"பாக்கறதுக்கு அசிங்கமா இருக்குது."

"என்மேல வயிறு எரிஞ்சவங்க எத்தினியோ பேரு. எல்லாரும் மொட்டக் கடுதாசிதான் போட்டாங்க. பட்டுல நெய்ஞ்சி குடுத்தது நீங்க ஒருத்தருதான். குடுக்க மாட்டேன்."

மணியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். இவளிடம் சிரித்துவிட்டால் அப்புறம் மிச்சம் என்ன இருக்கிறது? சொல்லிக்கொள்ளாமல் திரும்பி நடந்தாள்.

வீட்டு வாசலில் கங்கையம்மாள் குடையோடு நின்றிருந்தாள். உள்ளே அம்சாவின் தகரப் பெட்டி மூடியபடியே கிடந்தது. அம்சா அடுப்பங்கரை நிலையைப் பிடித்துக்கொண்டு தாயைப் பார்த்தாள்.

"எங்கக்கா போய்ட்ட விடியக்காலையில?" என்றாள் கங்கையம்மாள். "தெருவெல்லாம் ஒரு மாதிரி பேசறாங்க. அம்சா பட்டணம் போறாளாமே, இல்ல போவலியாமே. எது நெசம்?"

மணியம்மாள் ஈரக் காலைத் துடைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கினாள். புதுப் பாவு இழுபட்டுக் கிடந்தது. கரைப் பக்கத்து நாடாவை எடுத்துக் கங்கையம்மாள் கையில் வைத்தாள்.

"போறாளா போவலியான்னு ஊருக்கு இன்னா தெரியும்?" என்றாள், அடுப்பங்கரைக்குக் கேட்கும்படி. "நான் அனுப்பறேன்."